அல்லாஹ்வைப் பற்றி மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, சயான், செம்பூர் பக்கத்தில் தமிழ் முஸ்லிமாக இருந்தால் இந்தக் கேள்விகளிலிருந்து தப்ப முடியாது. நோன்புக் கஞ்சி வாங்க வரும் பக்கத்து வீட்டு அக்கா கேட்பார், லோக்கல் ரயிலில் கூட வருபவர் கேட்பார், கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளே கேட்பார்கள். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்ல. ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வேண்டுபவர்கள் பள்ளிவாசல் இமாமிடம் போகலாம்.

"பாய், உங்க அல்லாவும் எங்க சாமியும் ஒரே ஆளா, வேற வேறயா?"

முஸ்லிம்களுக்கென்று தனியாக ஒரு கடவுள் இருப்பதாக இஸ்லாம் சொல்லவில்லை. வானம், பூமி, அவற்றில் உள்ள அனைத்தையும் படைத்தவன் யாரோ அவனைத்தான் அல்லாஹ் என்கிறது. குர்ஆனின் முதல் அத்தியாயமே அவனை அகிலத்தார் அனைவரின் இரட்சகன் என்று புகழ்ந்துதான் தொடங்குகிறது. நபிகள் நாயகத்துக்கு முந்தைய மக்கா அரபிகளுக்கும் அல்லாஹ்வைத் தெரியும். நபிகளின் தந்தை பெயரே அப்துல்லாஹ். அரபு கிறிஸ்தவர்கள் இன்றும் ஜெபத்தில் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

அதற்காக 'எல்லாம் ஒண்ணுதான் பாய்' என்று தோளில் தட்டிவிட்டுப் போனாலும் சரியாகாது. படைத்தவன் ஒருவன் என்பதில் மக்கத்துக்காரர்களுக்கும் நபிகளுக்கும் தகராறே இல்லை. 'படைத்தது யார் என்று கேட்டால் அல்லாஹ் என்றே சொல்வார்கள்' என்று குர்ஆனே (29:61, அதாவது 29ஆவது அத்தியாயம், 61ஆவது வசனம்) அவர்களைப் பற்றிச் சொல்கிறது. அந்த ஒருவனோடு வேறு எவரையும் சேர்த்து வணங்கலாமா என்பதில்தான் சண்டை வந்தது. உங்களுக்கும் எனக்கும் இடையிலுள்ள வேறுபாடும் அங்கேதான் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு நட்பாக இருப்பதைவிட, சொல்லிவிட்டு நட்பாக இருக்கலாம்.

"ஒருத்தன்தான், ஒருத்தன்தான்னு அதையே ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றீங்க?"

இஸ்லாமிய நம்பிக்கையின் அச்சே அதுதான். குர்ஆனின் 112ஆவது அத்தியாயம் நான்கே வசனம். அல்லாஹ் ஒருவன், அவனுக்கு எந்தத் தேவையும் இல்லை, எல்லாருக்கும் அவன் தேவை, அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை, அவனுக்கு நிகர் எவருமில்லை. இந்தச் சின்ன அத்தியாயம் குர்ஆனின் மூன்றில் ஒரு பங்குக்குச் சமம் என்றார்கள் நபிகள். ஓதப் போகும் பிள்ளைகள் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்வதும் இதைத்தான்.

ஏகத்துவத்துக்கு ஒரு சமூக முகமும் உண்டு. மக்காவில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தெய்வம். கஃபாவைச் சுற்றி 360 சிலைகள் இருந்தன, கி.பி. 630இல் மக்கா வெற்றியின்போதுதான் அவை அகற்றப்பட்டன. படைத்தவன் ஒருவன் என்றால் அடிமையும் எஜமானும் ஒருவனுக்கே அடிமை. பிலால் என்ற கறுப்பின அடிமையைச் சுடுமணலில் கிடத்தி, மார்பில் பாறையை ஏற்றி, மதத்தை விடச் சொல்லி வதைத்தபோது அவர் வாயிலிருந்து வந்தது 'அஹத், அஹத்' (ஒருவன், ஒருவன்) என்பதுதான். அவர்தான் பின்னாளில் இஸ்லாத்தின் முதல் முஅத்தின், பாங்கு சொல்பவர். நெல்லைச் சீமையிலிருந்து இங்கே தோல் பதனிட வந்தவர்களுக்கு, எந்தக் குலம் என்று கேட்காமல் தோளோடு தோள் நின்று தொழுவது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். தாராவியின் படி மஸ்ஜித் 1887ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

அவனுக்கு இணைவைப்பதே, அதாவது அவனோடு வேறு எவரையும் சேர்த்து வணங்குவதே, மிகப் பெரிய பாவம். அந்த நிலையிலேயே மனம் திருந்தாமல் இறப்பவருக்கு மன்னிப்பில்லை என்கிறது குர்ஆன் (4:48). பிறர் வணங்கும் தெய்வங்களை ஏசாதீர்கள் என்று தடுப்பதும் அதே குர்ஆன்தான் (6:108). இரண்டாவது வசனத்தை மறந்துவிட்டு முதலாவதை மட்டும் முழங்குபவர்கள் எங்களிலும் உண்டு.

"உருவமே இல்லேன்னா எதை நினைச்சுக் கும்பிடறது?"

நியாயமான கேள்வி. 'அவனைப் போல் எதுவுமில்லை. அவன் கேட்பவன், பார்ப்பவன்' என்று 42:11 சொல்கிறது. ஒரே வசனம், இரண்டு பாதி. முதல் பாதி எல்லா ஒப்புமையையும் துடைத்துவிடுகிறது. 'அப்படியானால் எட்டாத ஏதோ ஒன்று போலிருக்கிறது' என்று நாம் சோர்வதற்குள், அவன் கேட்கிறான், பார்க்கிறான் என்கிறது இரண்டாம் பாதி. எதைப் போலவும் இல்லாதவன், ஆனால் பிடரி நரம்பைவிட அருகில் இருப்பவன் (50:16): இந்த இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வதுதான் இஸ்லாத்தின் இறைப்புரிதல் என்பேன். கீழே வரும் கேள்விகளில் முக்கால்வாசி, இரண்டில் ஒன்றை விட்டுவிடுவதால் வருபவை.

தொழுகையில் நிற்கும்போது மனதில் எந்தப் படத்தையும் வரையத் தேவையில்லை. 'அவனைப் பார்ப்பது போல வணங்கு. நீ அவனைப் பார்க்காவிட்டாலும் அவன் உன்னைப் பார்க்கிறான்' என்பது நபிமொழி. பார்ப்பது நாமல்ல, பார்க்கப்படுகிறோம். மனதில் என்ன உருவம் தோன்றினாலும் அது அல்லாஹ் அல்ல என்றுதான் எங்கள் அகீதா (நம்பிக்கைக் கோட்பாடு) பாடம் தொடங்கும்.

"அப்போ காபாவைப் பார்த்து விழுந்து கும்பிடறதும், அந்தக் கறுப்புக் கல்லை முத்தமிடறதும் என்ன?"

கஃபா ஒரு திசை. மதீனாவுக்குப் போன பிறகும் 16, 17 மாதங்கள் முஸ்லிம்கள் ஜெருசலேமை நோக்கித்தான் தொழுதார்கள், அதன் பிறகுதான் திசை மாறியது. கஃபாவே கடவுளாக இருந்தால் இது நடந்திருக்க முடியுமா? மும்பையில் கிப்லா (தொழும் திசை) மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக, அரபிக்கடல் பக்கம். கிழக்கிலோ மேற்கிலோ முகத்தைத் திருப்புவதில் புண்ணியம் இல்லை, அனாதைக்கும் ஏழைக்கும் கொடுப்பதும் வாக்குக் காப்பதும்தான் புண்ணியம் என்று 2:177 விளக்குகிறது. கஃபாவின் உள்ளே வணங்குவதற்கு எதுவும் கிடையாது, கூரையைத் தாங்கும் தூண்கள்தான் இருக்கின்றன.

கறுப்புக் கல்லுக்கு, நபிகளின் தோழரும் பின்னாளில் கலீஃபாவாக (முஸ்லிம்களின் ஆட்சித்தலைவராக) இருந்தவருமான உமர் (ரலி) அவர்களே பதில் சொல்லிவிட்டார்கள். கல்லின் முன் நின்று அதனிடமே சொன்னார்கள்: 'நீ ஒரு கல் என்று எனக்குத் தெரியும். உன்னால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. நபிகள் உன்னை முத்தமிட்டதை நான் பார்த்திருக்காவிட்டால் முத்தமிட்டிருக்க மாட்டேன்.'

"குர்ஆன்ல அல்லாவோட கை, முகம், சிம்மாசனம்னு வருதாமே? அது உருவம் இல்லையா?"

வருகிறது. 'அல்லாஹ்வின் கை அவர்களின் கைகளுக்கு மேல்' (48:10), 'உம் இரட்சகனின் முகம் நிலைத்திருக்கும்' (55:27), 'அளவற்ற அருளாளன் அர்ஷின் (சிம்மாசனத்தின்) மீது' (20:5) என்றெல்லாம் உண்டு. முஸ்லிம் அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக விவாதித்த விஷயம் இது. பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) இதை அவசரமாகக் கடந்துபோவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இவ்வளவு சுவையான விவாதம் அது.

மதீனாவில் இமாம் மாலிக்கிடம் (இறப்பு 795) ஒருவர் வந்து, 'அர்ஷின் மீது அவன் எப்படி அமைந்தான்?' என்று கேட்டார். மாலிக் தலைகுனிந்தார், அவருக்கு வியர்த்துவிட்டது. பிறகு சொன்னார்: அமைந்தது தெரிந்ததே, எப்படி என்பது அறிவுக்கு எட்டாதது, அதை நம்புவது கடமை, அதைப் பற்றிக் கேட்பது புதுமை, பித்அத். கேட்டவரை வெளியே அனுப்பவும் சொன்னார்.

ஆனால் கேள்வி போகவில்லை. முஃதஸிலாக்கள் என்ற பகுத்தறிவுப் பிரிவினர், கை என்றால் ஆற்றல், முகம் என்றால் அவனே என்று உருவகமாகவே விளக்கினார்கள். அல்லாஹ்வின் பண்புகளைத் தனியாக எண்ணினால் ஏகத்துவமே கெட்டுவிடும் என்ற கவலை அவர்களுக்கு. கலீஃபா மஃமூன் அவர்கள் பக்கம் சாய்ந்து, 833இல் 'குர்ஆன் படைக்கப்பட்டது' (அல்லாஹ்வைப் போல் என்றுமுள்ளது அல்ல) என்று அறிஞர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமெனக் கட்டாயப்படுத்தினார். மறுத்த அஹ்மத் இப்னு ஹன்பலுக்குச் சிறை. அடுத்த கலீஃபா காலத்தில் சவுக்கடியும் விழுந்தது. பகுத்தறிவு பேசியவர்கள் சவுக்கு எடுத்ததும், சவுக்கடி பட்டவர் மக்களின் நாயகர் ஆனதும் வரலாற்றின் விசித்திரம்தான்.

பத்தாம் நூற்றாண்டில் முஃதஸிலாக்களிடமே பயின்று வெளியேறிய அபுல் ஹஸன் அல்அஷ்அரீ பாக்தாதிலும், அபூ மன்ஸூர் அல்மாதுரீதி சமர்கந்திலும் நடுவழி அமைத்தார்கள். பண்புகள் உண்மை, ஆனால் படைப்புகளின் பண்பு போன்றவை அல்ல. ஷாஃபிஈ சட்டவழியைப் பின்பற்றும் காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்களும் மும்பையின் கொங்கணி முஸ்லிம்களும் மரபாக அஷ்அரீ வழி, ஹனஃபி சட்டவழியினர் மாதுரீதி வழி. முதல் தலைமுறை முஸ்லிம்களின் வழியையே பின்பற்றுவதாகச் சொல்லும் சலஃபிகளோ விளக்கம் எதுவும் சொல்லாமல், வந்தது வந்தபடியே, உவமை இல்லாமல் ஏற்க வேண்டும் என்பார்கள். மூவரும் 42:11ஐத்தான் ஆதாரம் காட்டுவார்கள்.

"99 பேர் இருக்காமே?"

'அல்லாஹ்வுக்கு 99 பெயர்கள், நூறுக்கு ஒன்று குறைவு' என்பது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் உள்ளது. காலண்டர்களில் அச்சடித்து மாட்டும் பட்டியல் திர்மிதீ தொகுப்பில் வருவது. மொத்தமே இவ்வளவுதான் என்று பொருளல்ல. அவன் தன்னிடமே மறைத்துவைத்த பெயர்களும் உண்டு என்று வேறு ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது.

பட்டியலை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அடக்கி ஆள்பவன் இருக்கிறான், மிகவும் நேசிப்பவனும் இருக்கிறான். சுருக்குபவனுக்குப் பக்கத்திலேயே விரிப்பவன். பட்டியலின் கடைசிப் பெயர் பொறுமையாளன். எங்கள் ஆண்கள் பெயர் பாதி இந்தப் பட்டியலிலிருந்துதான்: அப்துல் ரஹ்மான், அப்துல் காதர், அப்துல் மஜீத். 'அப்துல்' என்றால் அடிமை என்பதால் அதை வெட்டிவிட்டு வெறும் 'ரஹ்மான்' என்று மனிதனைக் கூப்பிடக் கூடாது என்பார் ஹஸ்ரத் (மார்க்க ஆசிரியர்). தாராவியில் யார் கேட்கிறார்கள்? ரஹ்மான் பாய்தான்.

"எப்பப் பாரு நரகம், நெருப்புன்னே பேசறாங்க. பயமுறுத்தற சாமியா?"

நரகம் குர்ஆனில் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இல்லை என்று மழுப்ப மாட்டேன். அநியாயக்காரனுக்குக் கணக்கு உண்டு என்பது, அநியாயத்துக்கு ஆளானவனுக்கு ஆறுதலும்கூட.

ஆனால் அளவைப் பாருங்கள். குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 113, அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்ற பெயரோடு தொடங்குகின்றன. ஒன்பதாவதில் மட்டும் அது இல்லை, 27ஆவது அத்தியாயத்தின் நடுவில் இன்னொரு முறை வந்து கணக்கு நேராகிவிடுகிறது. அல்லாஹ் கருணையை நூறு பங்காக்கி ஒரே ஒரு பங்கைத்தான் உலகுக்கு அனுப்பினான். குட்டியை மிதித்துவிடாமல் குதிரை குளம்பைத் தூக்குவதுகூட அந்த ஒரு பங்கால்தான். 99 பங்கைத் தன்னிடம் வைத்திருக்கிறான் என்றார்கள் நபிகள். மேடையில் நெருப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுபவர் இதற்குப் பத்து நிமிடமாவது ஒதுக்கலாம்.

"எல்லாம் அவன் எழுதி வெச்சதுன்னா நாம எதுக்குக் கஷ்டப்படணும்?"

விதியை, கத்ரை நம்புவது ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஆறு தூண்களில் ஒன்று. கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வதல்ல அது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்றார்கள் நபிகள்.

எனக்குப் பிடித்தது உமர் (ரலி) நிகழ்ச்சி. சிரியாவுக்குப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் என்று செய்தி வந்தது. திரும்பிவிட முடிவெடுத்தார். 'அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா?' என்று அபூ உபைதா கேட்டார். 'ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே ஓடுகிறோம்' என்றார் உமர். 2020 ஏப்ரலில் தாராவிக்குள் கொரோனா நுழைந்தபோது, பள்ளிவாசல் கதவு மூடியிருந்ததைப் பார்த்துக் கலங்கியவர்களுக்கு இதைத்தான் சொன்னோம்.

அவன் அறிவதால் நாம் செய்கிறோமா, நாம் செய்யப்போவதால் அவன் அறிகிறானா என்ற முடிச்சை அஷ்அரீகளும் முழுக்க அவிழ்க்கவில்லை. செயலைப் படைப்பவன் அவன், அதைச் சம்பாதிப்பவன், அதாவது தனதாக்கிப் பொறுப்பேற்பவன், மனிதன் என்றார்கள். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

"நல்லவன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் 2005 மழை?"

2005 ஜூலை 26. மும்பை வெள்ளத்தில் மூழ்கிய நாள். சான்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அந்த மழையை அனுபவித்தவர்களிடம் தத்துவம் பேச எனக்கு வாய் வராது.

குர்ஆன் இதற்குச் சூத்திரம் தருவதில்லை, கதை தருகிறது. 18ஆவது அத்தியாயத்தில் மூஸா நபி (பைபிளின் மோசே) ஒரு ஞானியோடு பயணம் போகிறார். ஏழைகளின் படகை அவர் ஓட்டையாக்குகிறார்; அநியாயம் என்று மூஸா கத்துகிறார். நல்ல படகுகளையெல்லாம் பறிக்கும் அரசன் ஒருவன் பின்னால் இருந்தது கடைசியில்தான் தெரிகிறது. நபிக்கே நடுவழியில் புரியவில்லை, நமக்குப் புரியாததில் வியப்பென்ன? கோபப்பட்ட மூஸாவை அந்த அத்தியாயம் பழிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

'பாவம் செஞ்சாங்க, அதான் தண்டனை' என்று பிறர் துயரத்துக்குத் தீர்ப்பெழுதுவது எனக்கு அருவருப்பானது. நபிகளின் மகன் இப்ராஹீம் குழந்தையிலேயே இறந்தபோது அவர்கள் அழுதார்கள். கண் கலங்குகிறது, உள்ளம் துயருறுகிறது, ஆனாலும் இறைவனுக்குப் பிடித்ததைத் தவிர வேறு சொல்ல மாட்டோம் என்றார்கள். அன்றே சூரிய கிரகணமும் பிடித்தது. குழந்தை இறந்ததால்தான் என்று ஊர் பேசியது. எவருடைய இறப்புக்காகவும் சூரியனோ சந்திரனோ கிரகணம் பிடிப்பதில்லை என்று உடனே மறுத்தார்கள். தனக்குப் பெருமை தரும் வதந்தியை, மகனைப் புதைத்த வேளையிலும் வளர விடவில்லை.

"ஏசுவை நீங்க ஏத்துக்கறதில்லையா?"

ஈஸா நபியை ஏற்காதவர் முஸ்லிமே அல்ல. தந்தையின்றிக் கன்னி மர்யமிடம் பிறந்தார், நோயாளிகளைக் குணப்படுத்தினார் என்பதெல்லாம் குர்ஆனில் உண்டு. 19ஆவது அத்தியாயத்தின் பெயரே மர்யம். அவர் இறைமகன் என்பதை மட்டும் ஏற்பதில்லை. மாஹிம் தேவாலயத்தின் புதன்கிழமை நொவினா ஜெபத்தில் பர்தா அணிந்த பெண்களையும் பார்க்கலாம். அது வேறு விவாதம், அடுத்த கேள்விக்கு நெருங்கியது.

"ஒருத்தன்கிட்ட மட்டும்தான் கேக்கணும்னா, மாஹிம் தர்காவுக்கும் ஹாஜி அலிக்கும் எதுக்குப் போறீங்க?"

இதை எங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறோம், சில சமயம் கூச்சலோடு. 1980களிலிருந்து தமிழகத்தில் வலுத்த தவ்ஹீத் (ஏகத்துவ) பிரச்சாரம் இங்கும் பல தமிழ்க் குடும்பங்களை இரண்டாக்கியிருக்கிறது. வாப்பா நாகூர் போவார், மகன் கூடாது என்பான்.

ஆதரிப்பவர்கள், 'கார்ப்பரேட்டரைப் பாக்கவே நடுவுல ஒரு ஆள் வேணும், ஆண்டவனை நேரா பாத்துர முடியுமா?' என்பார்கள். எதிர்ப்பவர்கள், 'அல்லாஹ்விடம் நெருக்கமாக்கி வைப்பதற்காகவே இவர்களை வணங்குகிறோம்' என்று மக்கத்துக்காரர்கள் சொன்ன 39:3ஐக் காட்டுவார்கள். வறட்சியில் உமர் (ரலி) நபிகளின் சித்தப்பா அப்பாஸை முன்னிறுத்தி மழை வேண்டியதாக புகாரியில் வருகிறது. நல்லவரை முன்னிறுத்தலாம் என்பதற்கு ஒரு தரப்புக்கு அதுவே ஆதாரம். நபிகளின் கப்ர் (அடக்கத்தலம்) பக்கத்திலேயே இருந்தும் உயிரோடிருந்தவரைத்தானே முன்னிறுத்தினார் என்பது மறுதரப்பு.

என் கருத்து: அடக்கத்தலத்துக்குப் போய் அவருக்காக துஆ (பிரார்த்தனை) செய்வதும், மரணத்தை நினைப்பதும் நல்லது. 'பாவாவே, பிள்ளை கொடு' என்று அவரிடமே கேட்பதை 112ஆவது அத்தியாயத்தோடு என்னால் பொருத்த முடியவில்லை. அதற்காக அங்கே அழும் பெண்ணை முஷ்ரிக் (இணைவைப்பவர்) என்று முத்திரை குத்தவும் மாட்டேன்.

"எங்க அத்வைதம் மாதிரி உங்ககிட்ட ஏதும் உண்டா?"

மாஹிமில் அடங்கியிருக்கும் மக்தூம் அலி மஹாயிமியிடமே (1372–1431) இதைக் கேட்டிருக்கலாம். டிசம்பர் உரூஸில் (நினைவு விழாவில்) மும்பை போலீஸ் முதல் சந்தனம் கொண்டுபோகும் அதே பாவாதான். பலருக்கு அவர் பேரறிஞர் என்பது தெரியாது. இந்தியாவில் எழுதப்பட்ட மிகப் பழைய அரபு குர்ஆன் விரிவுரைகளில் ஒன்று அவருடையது. உண்மையான இருப்பு இறைவனுக்கே, மற்றவை அவனுடைய வெளிப்பாடுகள் என்ற ஸூஃபி ஞானி இப்னு அரபியின் (1165–1240) பார்வையை ஆதரித்தவர். சர்ஹிந்த் ஊரின் அறிஞர் அஹ்மத் (1564–1624) இதை மறுத்தார்: எல்லாம் ஒன்று என்பது ஞானியின் அனுபவம், உண்மையில் படைத்தவன் வேறு, படைப்பு வேறு என்றார்.

நம் தமிழில் குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனைக் காதலியாகவே பாவித்துப் பாடியிருக்கிறார். தாயுமானவரை விரும்புபவர்கள் அவரைப் படித்தால் ஊர்க்காரரைப் பார்த்தது போல இருக்கும். ஆனால் 'நானே அவன்' என்பதைக் கொள்கையாகச் சொல்ல ஆலிம்கள் விட மாட்டார்கள்.

"போராக்கள், ஷியாக்களோட அல்லா வேறயா?"

இல்லை. பெண்டி பஜாரில், ஷியாக்களின் ஒரு பிரிவான போராக்களின் ரவ்ழத் தாஹிரா என்ற அடக்கத்தலத்தின் உள்சுவர்களில் பொன்னெழுத்தில் பொறித்திருப்பதும் இதே குர்ஆன்தான், அதே 112உம் அதில் உண்டு. விளக்கத்தில் வித்தியாசம் வரும். இறைநீதியை ஷியாக்கள் அடிப்படைக் கொள்கையாகவே எண்ணுவார்கள். மறுமையிலும் அவனைக் கண்ணால் காண முடியாது என்பார்கள். 'அன்று சில முகங்கள் தம் இரட்சகனைப் பார்த்திருக்கும்' என்ற 75:23ஐ வைத்து, சொர்க்கத்தில் காண்போம் என்பது சுன்னத் ஜமாஅத் (சுன்னிகள்). இவ்வுலகில் முடியாது என்பதில் இருவரும் ஒன்று. மூஸா நபி அவனைப் பார்க்க வேண்டுமென்று கேட்டபோது, அவன் வெளிப்பட்ட மலையே நொறுங்கியது.

"நான் முஸ்லிம் இல்லை. நான் கேட்டா கேப்பானா?"

கேட்பான். புயலில் சிக்கிய கப்பலில் இணைவைப்பவர்கள் அவனை மட்டும் அழைத்ததையும், அவன் காப்பாற்றிக் கரைசேர்த்ததையும் குர்ஆன் (29:65) சொல்கிறது, கரைசேர்ந்ததும் அவர்கள் மறந்துவிடுவார்கள் என்று தெரிந்தே. அநீதி இழைக்கப்பட்டவனின் முறையீட்டுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்ற நபிமொழியை, அவன் எந்த மதமானாலும் சரி என்றே அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

தொழுகையில் ஓதுவதுதான் அரபியில் இருக்க வேண்டும். கேட்பதற்கு அரபி வேண்டாம், பூசாரி வேண்டாம், காணிக்கை வேண்டாம். தமிழிலேயே கேளுங்கள், மும்பைத் தமிழானாலும் சரி.